துரை பங்களாவும் எங்கள் வீடும்

எமது மாதர் குழுவில் பதினான்கு பேர் ஒரு சனிக்கிழமை அப்புத்தளைக்குப் போய்வந்தோம். குழுவில் சேர்த்த காசில் கொஞ்சம் மிச்சம் வந்திருந்தது. ஒரு நாளாவது அடுப்படியை மறந்திருப்போம் என்று எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. விடியப்புறம் நான்கு மணிக்குச் சாகாமத்தில் வெளிக்கிட்டு, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று வான் ஏறியது. பார்க்கப் போன இடம் அடிஷம் பங்களா.

வான் ஓட்டிய தம்பி வெல்லவாய தாண்டியதும் கதையைத் தொடங்கினார். "அக்காமார், அந்தப் பங்களாவில வெள்ளைக்காரத் துரை இன்னும் ராவையில நடக்கிறாராம். சப்பாத்துச் சத்தம் கேக்குமாம்." வானுக்குள் ஒரே கூச்சல். அக்கரைப்பற்று ராத்தா, "ஜின் இருக்கிற இடமெண்டா நான் ஓதிக்கிட்டுத்தான் உள்ளுக்கு வருவன்" என்றார். சிரித்தாலும் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. எனக்கும்தான்.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர் மட்டும். 1977 கலவரத்தில் மலையகத்தை விட்டு எங்கள் பக்கம் வந்து குடியேறிய அக்கா. கொஸ்லந்தையில் வானை நிறுத்தச் சொன்னார். இறங்கி மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அங்கே மீரியபெத்தை என்ற தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த மண் சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் சனங்கள் போய் இருக்க வேறு வீடு இருக்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வரும்போது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. பலருடைய உடல்கள் இன்றைக்கும் அந்த மண்ணுக்குள்தான் கிடக்கின்றன. அதற்குப் பிறகு பங்களா வரைக்கும் வானுக்குள் பேய்க்கதை எழவில்லை.

அடிஷம் அழகான இடம். பொய் சொல்லக்கூடாது. கருங்கல்லில் கட்டிய பெரிய வீடு, சுற்றிவர ரோசாத் தோட்டம், ஒரு பக்கம் காடு, மற்றப் பக்கம் பள்ளத்தாக்கு. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டியது. 1887இல் இலங்கைக்கு வந்து, தேயிலையில் தொடங்கி, கொழும்பில் பெரிய வர்த்தகக் கம்பனியொன்றின் தலைவராக உயர்ந்தவர். இங்கிலாந்தில் தான் பிறந்த ஊரின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். கதவு, யன்னலுக்கு பர்மாத் தேக்கு. 1960களின் தொடக்கத்தில் இருந்து அது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்க்கலாம், சத்தம் போடக்கூடாது. மடத்தார் செய்யும் ஜாம் விற்கிறார்கள். அங்கு நின்ற பிள்ளையிடம் ராத்தா மெதுவாக, "மகள், இஞ்ச ராவையில ஆரும் நடக்கிறதா?" என்று கேட்டார். பிள்ளை சிரித்துவிட்டு, "சாமிமார் நடப்பாங்க" என்றது.

தோட்டத்து மதிலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும்போதுதான் மலையக அக்கா வாய் திறந்தார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவராம். கூட வந்தவர்களில் பாதிப்பேர் வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தார்கள் என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். "எங்க ஆளுங்க செத்த எடத்துல எல்லாம் பேய் வரும்னா, மலை பூரா பேய்தான் கொழுந்து எடுக்கணும். தொரைக்கு மட்டும் என்னத்துக்குப் பேய்?" என்றார்.

எனக்கு எப்போதோ வாசித்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் மேர்ட்டில்ஸ் என்று 1796இல் கட்டிய பெருந்தோட்ட வீடொன்று இருக்கிறது. குளோயி என்ற அடிமைப் பெண்ணின் ஆவி அங்கு உலாவுகிறது என்பார்கள். எசமானின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவள் நஞ்சு வைத்தாளாம். தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு பெண் இருந்ததற்குப் பதிவே கிடைக்கவில்லை. அந்தத் தாயும் பிள்ளைகளும் 1823இலும் 1824இலும் மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்கள் என்கிறார்கள். அந்த வீட்டில் நடந்ததாக உறுதியாகத் தெரிந்த கொலை ஒன்றுதான், 1871இல் வில்லியம் வின்டர் என்பவர் சுடப்பட்டது. ஆனால் பேயாக ஆக்கப்பட்டவள் அடிமைப் பெண். இன்று அந்த வீடு ஒரு விடுதி, பேய் பார்க்கக் காசு கொடுத்துப் போகிறார்கள். அங்கே உண்மையாகவே அடிமைகளாக வேலை செய்து செத்தவர்களின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் பக்கத்திலிருந்த தோழி கேட்டாள், "அப்ப உங்கட குளத்தடி வீடு?"

சொல்லத்தான் வேண்டும். சாகாமக் குளத்துக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தப் பாழ்வீடு எங்களுடையது. 1990இல் அப்பாவைக் கூட்டிப்போனார்கள், அவர் திரும்பவில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது கூரை இல்லை, கிணற்றுக்குள் மரம் முளைத்திருந்தது. இரவில் அங்கு விளக்குத் தெரிகிறது, யாரோ இருமுகிறார்கள் என்று ஊரில் கதை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் வரும். அது எனக்கென்று வைத்த வீடு. ஆனாலும் நான்கூடப் பொழுதுபட்டால் சுற்று வழியால்தான் போவேன். உறுதி அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. போன வருடம் ஒருவர் விலை பேச வந்தார். பாதி விலைகூட இல்லை. "பேய் வீட்டை வேற ஆர் வாங்குவாங்க?" என்று கேட்டார். அந்தக் கதையை ஊரில் கூடுதலாகச் சொல்லித் திரிவதும் அவர்தான் என்று பிறகு அறிந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஜாம் போத்தலைக் கொடுத்து, போன கதை முழுவதையும் சொன்னேன். துரையின் சப்பாத்துச் சத்தம், குளோயி, எல்லாம். அம்மா தங்கச்சி வீட்டுத் திண்ணையில் கால் நீட்டியிருந்து கேட்டார். பிறகு குளத்தடி வீட்டைப் பற்றி நானாகவே பேச்சை எடுத்தேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"அங்க பேய் எண்டா அது உங்கட அப்பாதானே மகள்," என்றார் அம்மா. "அவருக்கு எனக்கென்ன பயம்?"

வருகிற வெள்ளிக்கிழமை கிணறு இறைக்க இரண்டு பேரைப் பேசியிருக்கிறேன். மலையக அக்கா மண்வெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ராத்தா ஓதிக்கொண்டு வருவாராம்.