முடிந்துபோன இடமா எண்ணூர்?

புளியந்தோப்பு டீக்கடையில் எண்ணூர்ப் பேச்சை எடுத்தால் பதில் ஒன்றுதான்: "அது எப்பவோ முடிஞ்சுபோச்சுப்பா. சாம்பலும் எண்ணெயும்தான் மிச்சம். அங்க போய் குருவிக்கு வக்காலத்து வாங்குறியே?" கொஞ்சம் படித்தவர்கள் இதையே பதமாகச் சொல்வார்கள்: பறவைகளுக்குத்தான் பழவேற்காடு இருக்கிறதே, எண்ணூரைத் தொழிலுக்கு விட்டுவிடலாம். இரண்டும் தவறு. இரண்டாவது கூடுதல் தவறு.

சாம்பலை மறுப்பதற்கில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகிக் கொசஸ்தலையாற்றின் படுகையை மூடின. 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே அதற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாளி ஆக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. மீனவர்கள் மக்கும் பக்கெட்டும் கொண்டு அள்ளினார்கள். அப்போது பத்திரிகைகளில் வந்த படங்களில் இறகெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களும் இருந்தன. செத்த ஆற்றில் கூழைக்கடாவுக்கு என்ன வேலை? மீன் இருந்தது, வந்தது.

அடுத்தது பழவேற்காடு. தமிழகப் பகுதி 1980 முதல் சரணாலயம். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைப் படங்களைப் பார்த்துப் பார்த்து, அந்த ஏரி எல்லாப் பறவைக்கும் போதும் என்று நினைத்துவிட்டோம். பூநாரை நெட்டைக்கால், முழங்கால் தண்ணீரிலும் மேயும். சைபீரியத் துருவக் கரையிலிருந்து வரும் கொசு உள்ளான் அப்படியில்லை. மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைகூட அதற்குத் தேறுமா என்பது சந்தேகம். அலகு இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். நீர் லேசாகப் பரவிய ஈரச்சேறு இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. கருவால் மூக்கனுக்கு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் அலகு, ஆழத்தில் குத்தும். பவளக்காலி இரண்டுக்கும் நடுவே. மழைக்காலத்தில் ஏரி நிறைந்து சேறு மூழ்கினால் குட்டைக்கால் பறவைகள் வேறு சதுப்பும் உப்பளமும் தேடி நகர்ந்தாக வேண்டும். ஒன்றில் தண்ணீர் ஏறும்போது இன்னொன்றில் சேறு தெரிய வேண்டும். பழவேற்காட்டை வைத்துக்கொண்டு எண்ணூரைத் தூர்த்தால் பழவேற்காட்டின் பயனும் பாதியாகும்.

'பறவை வேறிடம் போய்விடும்' என்ற வாதம் தென்கொரியாவில் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். சேமாங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் கடல்சுவர் கட்டி 2006-ல் அடைத்தார்கள். அங்கே கூட்டமாகத் தங்கிய ஓர் உள்ளான் வகை, பக்கத்துச் சேற்றுவெளிகளில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அது குளிர்காலம் கழிக்கும் ஆஸ்திரேலியாவில் எண்ணிப் பார்த்தபோது அங்கும் குறைந்திருந்தது. பக்கத்துச் சேற்றில் ஏற்கெனவே பறவைகள் இருந்தன; அவற்றின் இரையும் அளவாகத்தான் இருந்தது.

'வெறும் சேறுதானே, தரிசு' என்பது அடுத்த வாதம். அந்தச் சேற்றில் புழு, சிப்பி, நண்டுக்குஞ்சு. அதே சேற்றில் இறாலும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவரும், கரையில் குத்தித் தின்னும் உள்ளானும் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள். சாம்பல் படிந்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் அடுப்பு அணைகிறது. 'பறவையா, பிழைப்பா' என்று கேட்பவர்கள் காட்டுக்குப்பத்திலோ முகத்துவாரக்குப்பத்திலோ போய் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக நம்ம ஏரியா ஆட்கள் சொல்வது: எண்ணூர் எங்கேயோ இருக்கு, நமக்கென்ன? ஓட்டேரி நல்லா ஓடை பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அந்தக் கால்வாயில் வடக்கே போகும் தண்ணீர் கொருக்குப்பேட்டை தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தில் போய் விழுகிறது. பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை வெள்ளமும் அதே வாய்க்குத்தான். கழிமுகத்தில் சாம்பலும் மண்ணும் மேடு கட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும்? ஒவ்வொரு ஐப்பசியிலும் பட்டாளத்திலும் புளியந்தோப்பிலும் கட்டில்மேல் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இது புதிதல்ல. எண்ணூர்ச் சாம்பலை அள்ளும் செலவைப் பறவைக் கணக்கில் எழுத மனமில்லை என்றால், மழைநீர் வடிகால் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.