நிலாவுக்கு ஒரு ஜீனோ

காவிரிக்கரை ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்று ஒரு தொடர்கதை எழுதினார். ஜீவா என்ற தலைவன் ஆளும் வருங்கால இந்தியா. எங்கும் கம்ப்யூட்டர் மயம். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் பிள்ளை பெறவே சர்க்கார் அனுமதி வேணும். பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் கூடாது! புருஷன் சிபியைக் காணாமல் தவிக்கிற நிலாவுக்குத் துணை, ஜீனோ என்கிற இயந்திர நாய்தான்.

அவர் எழுதிய அந்த வருங்காலம் இப்போது தாண்டியாச்சு. மிக்ஸி, வாஷிங் மெஷின், செல்போன் எல்லாம் வந்தாச்சு. "உனக்கென்னடி குறை?" என்று கேட்டால், பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைக்கிற பெண்கள் எத்தனை பேர்!

முக்கியமாக, பிள்ளை பெற்ற பெண்ணைக் கவனியுங்கள். காரணமில்லாமல் அழுகிறாளா? குழந்தை தூங்கியும் அவளுக்குத் தூக்கம் வரலையா? "குழந்தை பால் குடிச்சுதா?" என்று மட்டும் விசாரிக்காமல், "நீ எப்படிம்மா இருக்கே?" என்றும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம். நம் வீட்டு நிலாவுக்கு நாம்தானே துணை?