பள்ளிக்கூட வாசலும் பக்கத்து வீட்டு வாசலும்

சகோதரிகளே, காலை எட்டரை மணிக்கும் சாயந்திரம் மூன்றரை மணிக்கும் நம் டவுன்களில் தவறாமல் ஒரு சண்டை நடக்கிறது. குழாயடிச் சண்டை ஓய்ந்தாலும் ஓயும், இது ஓயாது போலிருக்கிறது. பள்ளிக்கூடத் தெருவில், பிள்ளையைக் கொண்டுவிட வருகிற நமக்கும், அங்கே குடியிருக்கிறவர்களுக்கும் நடக்கிறதே, 'வண்டியை எடு, எடுக்க மாட்டேன்' என்று, அந்தச் சண்டையைத்தான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் காட்டூர். எங்கள் பக்கத்திலும், பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களிலும் இருந்து நிறையப் பிள்ளைகள் பொன்னேரி, மீஞ்சூர் என்று டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறார்கள். சிலர் வேனில், சிலர் ஷேர் ஆட்டோவில், பாதிப் பேர் அம்மாவின் ஸ்கூட்டர் பின்னால். என் கடைக்குட்டியும் அப்படித்தான். அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஆனால் அந்தத் தெருவிலேயே என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வண்டியை அவள் வீட்டுக் கேட்டுக்குள் நிறுத்திவிட்டு நடந்து போவேன். அதனால் இரண்டு கட்சியின் வழக்கும் தினமும் என் காதில் விழும்.

தெருக்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். "கோலம் போட்டு நிமிர்றதுக்குள்ள கோலத்து மேலயே வண்டி நிக்குது அண்ணி" என்பாள் என் நாத்தனார். வேலைக்குப் போகிறவர் வண்டியை வெளியே எடுக்க முடியாது. காய்கறி வண்டி உள்ளே வராது. சாயந்திரமானால் மூன்று மணிக்கே வந்து வரிசையாக நின்று கொண்டு, ஏ.சி.க்காக இஞ்சினை ஓடவிட்டுக் கொண்டிருக்கும் கார்கள். ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். "கொஞ்சம் தள்ளி நிறுத்தும்மா" என்றால், "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா?" என்று பதில்!

இனி நம் கட்சி. அடுப்பை அணைத்து, டிபன் டப்பா கட்டி, பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்து வைத்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்து சேர்வதற்குள் முதல் மணி அடித்துவிடுகிறது. ஒரு கையில் எல்.கே.ஜி. பிள்ளை, தோளில் பை, இடுப்பில் கைக்குழந்தை. எங்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்துவது? காலியாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் ஒரு பூந்தொட்டி, ஒரு கருங்கல், 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று ஒரு தகரப் பலகை. அதைத் தாண்டி நிறுத்தினால் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். நாலு மணி வெயிலில் பிள்ளையோடு பஞ்சர் கடை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு தாயின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் சண்டை தீரவில்லை. ஆனால் போன வருஷம் நடந்த ஒரு விஷயம், இது வெறும் வாய்ச் சண்டை இல்லை என்று எல்லாருக்கும் காட்டிவிட்டது.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நாத்தனாரின் மாமனாருக்கு எழுபதுக்கு மேல் வயது, ஆஸ்துமா உடம்பு. திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸும் தெருமுனை வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வர வழியில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவில் இரண்டு வேன்கள் மூக்கோடு மூக்கு. கடைசியில் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தூக்கியவர்களில் இரண்டு பேர் பிள்ளையைக் கூப்பிட வந்த அப்பாக்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் என் நாத்தனாருக்கு இன்றும் கை நடுங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2017-ஆம் வருஷத்து மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளின்படி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவற்றின் வாசலிலும், பஸ் நிற்கும் இடத்திலும், நடைபாதையிலும், பிறர் வீட்டு வாசலை மறித்தும் வண்டியை நிறுத்தக் கூடாது. அதற்கு முன்பிருந்த 1989-ஆம் வருஷத்து விதியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. ஆகவே 'ரோடு பொது' என்று சொல்லி ஒருவர் வீட்டு கேட்டை அடைப்பதற்கு நமக்கு உரிமை கிடையாது.

அதே சமயம் தெருக்காரர்களுக்கும் ஒரு சேதி. வீட்டு வாசலை மறிக்கக் கூடாது என்பது சரி. அதற்காக வீட்டு மதில் நீளத்துக்கு ரோடே நம்முடையது என்று ஆகிவிடாது. சென்னையில் இந்தப் பழக்கம் முற்றிப்போய், 2024-இல் போக்குவரத்துக் காவல்துறையே எச்சரிக்கை விட்டது. அனுமதி இல்லாமல் 'நோ பார்க்கிங்' பலகை, தடுப்பு, பூந்தொட்டி, மணல்மூட்டை வைத்து ரோட்டைப் பிடித்து வைத்தால் நடவடிக்கை என்று சொன்னார்கள். பலகை வைக்கிற அதிகாரம் நமக்கு இல்லை, அதற்கென்று இருப்பவர்களுக்குத்தான். இன்னொன்றும் உண்டு. பூந்தொட்டி வைக்கிற வீடுகளில் சிலருடைய சொந்தக் காரே ராவும் பகலும் தெருவில்தான் நிற்கிறது! ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும் என்று. நாம் காரை வாங்கிவிட்டுத்தான் இடத்தைத் தேடுகிறோம்.

இந்த இரண்டு பேர் வழக்கிலும் வாய் திறக்காத மூன்றாவது கட்சி ஒன்று இருக்கிறது. அது நம் குழந்தைகள். சின்னப் பிள்ளையின் முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கார், வேனின் புகைக்குழாய்க்குக் கொஞ்சம்தான் மேலே. பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். உடம்பின் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். இழுப்பு, சளி உள்ள பிள்ளைக்கு அந்தப் புகையில் கால் மணி நேரம் நிற்பது நல்லதே அல்ல. நிற்கிற வண்டியின் இஞ்சினை அணைத்தால் பெட்ரோலும் மிச்சம், பிள்ளையின் மார்பும் மிச்சம்.

அதைவிடப் பயம், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இருந்து பிள்ளை ரோட்டில் இறங்குவது. வருகிற வண்டிக்காரருக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கும் வண்டி தெரியாது. எதிரே வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கிற திறமை எட்டு, ஒன்பது வயது வரை குழந்தைகளுக்குப் பக்குவமாக வருவதில்லை. வேன் பின்னால் எடுக்கும்போது நடக்கிற விபத்துகளைப் பத்திரிகையில் படிக்கிறோமே. 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பஸ்ஸின் ஓட்டை வழியே ஒரு சின்னப் பெண் விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஒரு உயிர் போன பிறகு விதி வருவதைவிட, முன்னாலேயே நாம் உட்கார்ந்து பேசிவிடுவது மேல் இல்லையா?

எப்படிப் பேசுவது? இதற்கு எங்கள் ஏரியே ஒரு வழி சொல்கிறது.

பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. ஆனாலும் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகப் படுகிற இடமும் உண்டு, ஒன்றும் படாத இடமும் உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். முறை மாறி மாறி வரும். நல்ல இடம் என்றைக்கும் ஒருவருக்கே போய்விடாது. முறையை மீறினால் ஊர் கேட்கும்.

ஆனால் பாட்டிலும் ஒரு குறை இருக்கிறது. பாட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் இடம். பெயர் இல்லாதவர்கள் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவி எடுக்கிற இருளர் குடும்பங்களுக்கு அதில் பங்கு கிடையாது. இதனால் ஏரியில் தகராறுகளும் வந்திருக்கின்றன. ஆகவே பாட்டில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, பொது இடத்துக்கு முறை வேண்டும். இரண்டு, முறை வகுக்கும்போது எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும். தெருக்காரர்கள் மட்டும் கூடித் தீர்மானம் போட்டால், காட்டூரில் இருந்தும் குப்பத்தில் இருந்தும் வருகிற தாய் வெளியே நிற்பாள்.

நாத்தனாரின் தெருவில் அப்படித்தான் உட்கார்ந்தோம். பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய வாரம், ஒரு சனிக்கிழமை. தெருவில் இருந்து ஏழெட்டுப் பேர், தாய்மார்கள் பத்துப் பேர், தலைமை ஆசிரியை, இரண்டு வேன் டிரைவர்கள். முதல் அரை மணி பழைய கணக்குத் தீர்ப்பதிலேயே போயிற்று. யார் காற்றைப் பிடுங்கியது, யார் கோலத்தை அழித்தது என்று! பிறகு அந்தப் பெரியவரே, "நான் போயிருந்தா இன்னிக்கு நீங்கல்லாம் எனக்குத்தான் கூடியிருப்பீங்க. இப்ப பிள்ளைங்களுக்காகக் கூடியிருக்கீங்க, பேசுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் பேச்சு நேரானது.

ஒத்துக்கொண்டது இவ்வளவுதான். தெருவின் ஒரு பக்கம் மட்டும் வண்டி நிற்கும், மறு பக்கம் ஆம்புலன்ஸ் போகிற அளவுக்கு எப்போதும் காலி. கார்கள் தெருவுக்குள் வராமல் பக்கத்துக் கோயில் திடலில் நிற்கும். அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. வேன்கள் வந்து போன பிறகு ஸ்கூட்டர்கள். சின்ன வகுப்புகளைப் பத்து நிமிஷம் முன்னால் விடுவார்கள். கேட்டுகளுக்கு முன்னால் யாரும் நிறுத்தக் கூடாது, தொட்டிகளும் கற்களும் எடுக்கப்படும். வாசலில் நின்று ஒழுங்கு பார்க்க வாரத்துக்கு இரண்டு பேர், ஒருவர் தெருவில் இருந்து, ஒருவர் தாய்மாரில் இருந்து. அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம், எங்கள் பாடு போல!

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன. மழை நாளில் கார்கள் உள்ளே வந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் பூந்தொட்டி இன்னும் அசையவில்லை. ஆனால் இப்போது சொல்லிக் கேட்க ஒரு முறை இருக்கிறது. முன்பு குரல்தான் இருந்தது.

வெளிநாடுகளிலும் இதே தலைவலிதான். இத்தாலியில் போல்சானோ என்கிற ஊரில் 1989 வாக்கிலேயே, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கொஞ்ச நேரத்துக்குப் பள்ளித் தெருவை வண்டிகளுக்கு மூடிவிட ஆரம்பித்தார்கள். இப்போது லண்டன், பாரிஸ் நகரங்களிலும் அப்படிப் பல தெருக்கள் இருக்கின்றன. 'நடைப் பஸ்' என்று இன்னொரு யோசனை. 1990-களில் ஆஸ்திரேலியாவில் தோன்றியது. ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து நடப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு காலத்தில் இப்படித்தான் கூட்டமாக நடந்து போனார்கள், நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். திடலில் நிறுத்தி, ஒரு தாய் ஆறு பிள்ளைகளை அழைத்துப் போனால் மற்ற ஐந்து தாய்மார்களும் அப்படியே திரும்பிவிடலாம்.

இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்:

பிள்ளையை ரோட்டுப் பக்கம் இறக்காதீர்கள், வீட்டுச் சுவர்ப் பக்கமே இறக்குங்கள். காரானால் ஓரத்துக் கதவை மட்டும் திறக்கப் பழக்குங்கள்.

இஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகே பிள்ளையை இறக்குங்கள். முன்னால் நிற்கிற பிள்ளை ஆக்ஸிலேட்டரைத் திருகிவிடும்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்கிற பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தையை நம்மோடு சேர்த்துக் கட்டும் பட்டையும், சின்ன ஹெல்மெட்டும் 2023 முதல் கட்டாயம். வேகமும் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது.

நிற்கிற வேனுக்குப் பின்னால் நடக்கக் கூடாது என்று பிள்ளைக்கு ஒரு தடவை இல்லை, நூறு தடவை சொல்லுங்கள்.

நீங்கள் நிறுத்துகிற தெருவில் இரண்டு வீட்டாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள். பெயர் தெரிந்த பெண்ணின் வண்டியில் யாரும் காற்றைப் பிடுங்க மாட்டார்கள். அவசரத்துக்கு உங்கள் பிள்ளையைப் பத்து நிமிஷம் திண்ணையில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளவும் அவர்கள்தான் இருப்பார்கள்.

இதையெல்லாம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். சண்டை பழகிப்போன பிறகு பேச உட்காருவது ரொம்பக் கஷ்டம்.