குளியலறைக்குள் ஒரு நனையாத பாதை

இடுப்பெலும்பு முறிந்து எங்கள் பிரிவில் சேரும் முதியவர்களிடம், எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பது வழக்கம். குளியலறை என்ற விடை எங்களுக்குப் பழகிவிட்டது. அவற்றுள் சில அண்மையில்தான் பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டவை என்று அறியும்போதுதான் வருத்தம் மிகுகிறது. பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, மழைபோல் பொழியும் ஷவர் எல்லாம் இருக்கின்றன. பற்றிக்கொள்ள ஒரு கம்பி இல்லை.

குளியலறையைப் புதுப்பிக்க எண்ணும் குடும்பத்தார் முதலில் முடிவு செய்ய வேண்டியது டைல்ஸின் நிறம் அன்று; தண்ணீர் எங்கே விழலாம், எங்கே விழக்கூடாது என்பதே. வாளியும் குவளையுமாகக் குளிக்கும் நம் வீடுகளில் அறை முழுவதும் நனைகிறது. ஒருவர் குளித்துச் சென்ற ஈரத்தைக் கடந்தே அடுத்தவர் கழிப்பறைக் கோப்பைக்குச் செல்ல வேண்டியுள்ளது. வெளிநாடுகளில் ‘வெட் ரூம்’ என்று விரும்பிக் கட்டுவது இதைத்தானே என்று சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. முறையாகக் கட்டிய வெட் ரூமில் படியோ திட்டோ இராது. விழும் நீர் தேங்காமல் வடிகாலுக்கு ஓடிவிடும். நாம் ஈரத்தை வைத்துக்கொண்டு சரிவை மறந்துவிட்டோம்.

ஆகவே, கதவிலிருந்து கைகழுவும் தொட்டி வழியாகக் கோப்பை வரை ஒரு நனையாத பாதை இருக்கட்டும். குளிக்கும் இடமும் வடிகாலும் அறையின் கோடியில் அமையட்டும். அங்கே ஓர் அடிக்குக் கால் அங்குலச் சரிவு போதும்; அதனினும் மிகுந்தால் நிற்பவரின் கால் தடுமாறும். இரண்டையும் பிரிக்கத் திட்டு ஒன்று கட்டித் தருவதாகக் கொத்தனார் சொல்வார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். பார்க்கின்சன் நோயாளிகளும் பக்கவாதத்திலிருந்து தேறியவர்களும் பாதத்தை இழுத்து நடப்பவர்கள். இரண்டு அங்குலத் திட்டே அவர்களை வீழ்த்திவிடும். சரிவும் ஒரு திரைச்சீலையும் தண்ணீரைத் தடுக்கும். திட்டு இல்லாவிடில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செம்மையாக இருத்தல் அவசியம். டைல்ஸ் பதிக்கும் முன் ஒரு முழு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழ்த்தளத்துக் கூரையைப் பார்த்துவிடுங்கள்.

டைல்ஸ் கடையில் மாதிரிக் கல்லின் மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, வீட்டில் இளையவர் ஒருவர் பிறர் கையைப் பற்றிக்கொண்டு வெறுங்காலுடன் நின்று பார்க்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை. சிறிய டைல்ஸில் இணைப்புக் கோடுகள் மிகுதி; பாதத்திற்குப் பிடிமானம் கிடைக்கும், சரிவும் சீராக வரும்.

குளிக்கையில் மயக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. வெந்நீர் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. இரத்த அழுத்தத்திற்கோ புராஸ்டேட் வீக்கத்திற்கோ மாத்திரை உட்கொள்பவருக்கு அழுத்தம் மேலும் தாழ்ந்து, எழுந்து நிற்கும் கணத்தில் கண் இருள்கிறது. எனவே அமர்ந்து குளிப்பதே நன்று. ஈரத்தில் நழுவும் பிளாஸ்டிக் முக்காலி உதவாது; சுவரில் மடித்து வைக்கும் இருக்கையோ, ரப்பர் அடியுள்ள உறுதியான நாற்காலியோ வேண்டும். அமர்ந்தவருக்கு எட்டும் கைஷவரும் வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முடியாது. முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே ஊற்ற வேண்டும்.

கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் அமைவது பொது வழக்கம். துண்டு மாட்டும் கம்பி ஒருவரின் எடையைத் தாங்காது. விழுபவர் அதையும் பெயர்த்துக்கொண்டே விழுவார். வேலை தொடங்கும் முன், அந்த அறையைப் பயன்படுத்தும் முதியவரையே உள்ளே அழைத்து, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அவர் கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே சாக்கட்டியால் குறியிடுங்கள். “எனக்கென்ன அவ்வளவு வயதா ஆகிவிட்டது?” என்று மறுப்பவர்கூட, தம்மைக் கேட்டு வைத்த கம்பியைப் பிடிப்பார். கேளாமல் வைத்தது துணி உலர்த்தவே பயன்படும்.

கதவைப் பற்றியும் ஒரு சொல். உள்நோக்கித் திறக்கும் கதவின் பின்னே ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடலே கதவை அடைத்துவிடும். வெளிநோக்கித் திறப்பதோ நகர்த்துவதோ நலம். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கத்தக்கதாக இருக்கட்டும். இரண்டரை அடிக் கதவில் நிலைச்சட்டம் போக மிஞ்சும் இடைவெளி சக்கர நாற்காலிக்குப் போதாது. மூன்றடியாக மாற்ற ஏற்ற தருணம் சுவரை இடிக்கும் நாள்தான்.

வாடகை வீட்டில் இருப்போர் இவற்றுள் பலவற்றைச் செய்ய இயலாது என்பதை அறிவோம். குளித்தவுடன் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிடுவது, ரப்பர் அடியுள்ள நாற்காலி, இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு ஆகிய மூன்றும் எவர்க்கும் கைகூடும். வீட்டில் எவரேனும் விழுந்து, அவர் இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்பவராயின், தலையில் காயம் தெரியாவிட்டாலும் உடனே அழைத்து வாருங்கள்.

எங்கள் பிரிவிலிருந்து வீடு திரும்பவிருக்கும் நோயாளியின் குடும்பத்தார், குளியலறைக் கதவின் அகலத்தையும் கோப்பையின் உயரத்தையும் அளந்து, கைபேசியில் இரண்டு படங்களும் எடுத்து இயன்முறை மருத்துவரிடம் காட்டலாம். வீடு திரும்பும் நாளுக்கு முன்னரே கொண்டுவந்தால், கம்பி எங்கே வேண்டும் என்பதை நோயாளியை நடக்கச் செய்தே அவர் குறித்துத் தருவார்.