மோட்டார் ஜோசியம் யாருக்காக?

இருபது வருஷம் கழித்து நகரத்தில் எத்தனை வண்டிகள் ஓடும், எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று நிபுணர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதைக் காட்டி, "மேம்பாலம் கட்டு, சாலையை அகலமாக்கு" என்கிறார்கள். கணக்கு என்றதும் உழைப்பாளி வாயடைத்து நிற்கிறான். நிற்க வேண்டியதில்லை, தோழர்களே! அந்தக் கணக்கின் யோக்கியதையை பிரிட்டனில் பார்த்தாகிவிட்டது.

1989-ல் தாட்சர் சர்க்கார் ஒரு கணிப்பை வெளியிட்டது. 2025-க்குள் சாலைப் போக்குவரத்து 83 முதல் 142 சதவீதம் வரை பெருகும் என்றது. ஆகவே சாலைத் திட்டத்தை இரு மடங்குக்கு மேல் பெருக்குவோம் என்றும் அறிவித்தது.

நடந்தது என்ன? ஜனங்கள் எதிர்த்தார்கள், பணமும் போதவில்லை. பல சாலைகள் 1990-களில் கைவிடப்பட்டன. 2025-ம் வந்தது. 83 சதவீதம் என்ற குறைந்தபட்சக் கணக்கைக்கூடப் போக்குவரத்து எட்டவில்லை!

இனி, கட்டிய சாலையைப் பாருங்கள். லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டர் நீளமுள்ள எம்.25 சாலை 1986-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. சில வருஷங்களிலேயே எதிர்பார்த்ததற்கு மேல் வண்டிகள் குவிந்தன. அகலமாக்கினார்கள், மறுபடியும் நெரிசல்! புதுச் சாலை புதுப் போக்குவரத்தை வரவழைக்கக்கூடும் என்று 1994-ல் சர்க்கார் நியமித்த நிபுணர் குழுவே ஒப்புக்கொண்டது.

மழை வருமென்று குடை எடுத்துப் போகிறோம். குடையைக் கண்டு மழை கூடுவதில்லை. ஆனால் சாலையைக் கண்டு மோட்டார் கூடுகிறது! அப்படியானால் இது என்ன ஜோசியம்? யாருக்குச் சாலை போடுவது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த முடிவுக்குக் கணக்கு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

நிபுணர்களுக்குக் கூட்டல் தெரியாதா? தெரியும். எதைக் கூட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. சாலையின் கொள்ளளவைக் கணக்கிடும்போது அவர்கள் வண்டிகளை எண்ணுகிறார்கள், மனிதர்களை எண்ணுவதில்லை. ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்கும் பஸ், இரண்டு மூன்று கார்களுக்குச் சமம் என்று எழுதப்படுகிறது. நம் நாட்டிலும் இதே அளவுகோல்தான். பஸ் வராததால் வேலைக்கே போக முடியாமல் நின்றுவிட்டவன் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

1986 அக்டோபர் 26-ந் தேதி, லண்டனுக்கு வெளியே பஸ் தடங்களை அந்த சர்க்கார் தனியார் போட்டிக்குத் திறந்துவிட்டது. மூன்றே நாள் கழித்து எம்.25-ஐத் திறந்து வைத்தது. பிறகு மற்றப் பெருநகரங்களில் பஸ் பிரயாணிகள் குறைந்துகொண்டே போனார்கள். தடத்தையும் கட்டணத்தையும் பொது நிர்வாகம் தன் கையில் வைத்திருந்த லண்டனிலோ, பிற்காலத்தில் பிரயாணிகள் பெருகினார்கள். இதற்கு ஜோசியம் தேவையா?

நாளை உங்கள் ஊருக்கும் கணக்கோடு வருவார்கள். கேளுங்கள்: எத்தனை வண்டிகள் என்பது இருக்கட்டும், எத்தனை மனிதர்கள்? அவர்களில் பஸ்ஸில் போகிறவர்கள், நடக்கிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் எத்தனை பேர்? இதே பணத்தை பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போட்டால் உங்கள் கணக்கு என்ன சொல்லும்?

பதில் வரும்வரை விடாதீர்கள்!