சித்திரையில் பள்ளம் ஏன் ஓடுகிறது?

கோவை மக்களுக்கு, சங்கனூர்ப் பள்ளத்தின் இரு கரையிலும் குடியிருக்கும் நாங்கள் எழுதுவது.

பள்ளம் என்றால் கொங்கு நாட்டில் மழைக்கு ஓடிக் கோடையில் காயும் ஓடை. தடாகம் பக்கத்து மலையடிவாரத்தில் பெய்யும் மழை இதன் வழியே ஊருக்குள் இறங்கி, சிங்காநல்லூர்க் குளத்துக்கும் நொய்யலுக்கும் போய்ச் சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புரண்டு ஓடுவதும் சித்திரையில் வெறும் மணலாகக் கிடப்பதும்தான் இதற்கு ஆரோக்கியம். இப்போதோ கத்திரி வெயிலிலும் ஓடுகிறது, கறுப்பாக. அது மலைத் தண்ணீர் அல்ல. நம் வீட்டு அடுப்படியும் குளியலறையும் கழிப்பறையும் விட்டது.

ஆகவே இதன் நலத்தைக் கோடையில்தான் கணக்கெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் எல்லாவற்றையும் மூடிவிடும். காய்ந்த நாளில் ஓடுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால், அது ஏதோ ஒரு குழாயில் போய் முடியும். அந்தக் குழாய்களைத்தான் எண்ண வேண்டும். சில இடங்களில் தண்ணீர் எடுத்துக் கரைந்த பிராணவாயுவையும் பார்ப்போம். லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருந்தால்தான் பெரும்பாலான மீன்கள் நலமாக வாழும். கருவி இல்லையென்றாலும் சேற்றைக் கிளறிப் பாருங்கள். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் நிலைமை புரிந்துவிடும்.

கண்ணப்ப நகரிலும் ரத்தினபுரியிலும் கழிவை நிறுத்தினால் மட்டும் போதாது. மேலே, தடாகம் பள்ளத்தாக்கில், செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் தோண்டியதில் சிற்றோடைகள் துண்டுபட்டுக் கிடக்கின்றன. 2021இல் அந்தச் சூளைகளை மூடினார்கள். குழிகளை யாரும் மூடவில்லை. மழைநீர் பள்ளத்துக்கு வரும் வழியே அறுந்திருக்கும்போது, கீழே கரைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி வர்ணம் பூசுவதை மீட்பு என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. நீர் மண்ணுக்குள் இறங்கவும் வேண்டுமே! ஆயிரம் அடி போர் போட்டும் காற்று வாங்குபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக்கிரமிப்பு என்றதும் ஓரத்துக் குடிசையை மட்டும் கைகாட்டுவதையும் நிறுத்துவோம். பள்ளம் புறம்போக்கின் உண்மையான அகலம் வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் இருக்கிறது. அதை வைத்து அளந்தால் மாடி வீடுகளும் கணக்கில் வரும். எங்களில் சிலர் வீட்டு மதிலும் வரலாம், அளக்கட்டும்.

சித்திரை முழுக்க ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடக்கிறோம், உங்கள் தெரு வழியாகவும். பழைய செருப்பு போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியுடன் வாருங்கள். வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் நகலும் எடுத்து வாருங்கள். நான்கெல்லையில் ‘பள்ளத்துக்குத் தெற்கு’ என்று எழுதியிருந்தால், பள்ளம் எங்கே ஓடியது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.