மின்னஞ்சலே அனுமதி ஆகிவிடக் கூடாது

2015-இல் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் சவூதி அராம்கோவுக்கு விற்ற நாப்தாவுக்குச் சேர வேண்டிய சுமார் 197 கோடி ரூபாய் மோசடிக்காரர்களின் கணக்குக்குப் போய்விட்டதாக மும்பையில் போலீஸ் புகார் பதிவானது. பணத்தைப் புதிய கணக்கில் போடச் சொல்லி வாங்கியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதை அனுப்பிய முகவரியில் இரண்டே எழுத்துகள் இடம் மாறியிருந்தன.

இன்றும் நம் அலுவலகங்களில் பணப் பட்டுவாடா, கடவுச்சொல் மாற்றம், ஆவணங்களை நீக்குவது என எத்தனையோ காரியங்கள் ஒரு மின்னஞ்சலை மட்டும் நம்பி நடக்கின்றன. இது நிறுத்தப்பட வேண்டும்.

மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான விதிமுறை 1982-இல் எழுதப்பட்டது. தபால் உறையில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதிவிடலாம் அல்லவா, அதே வசதி இதிலும் இருந்தது. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற சரிபார்ப்பு முறைகள் பின்னால்தான் வந்தன. மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர் இவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால், எழுத்து மாற்றிப் பதிவு செய்த போலி முகவரிக்கும் இந்தச் சோதனைகளில் தேர்ச்சி கிடைத்துவிடும். அதிகாரியின் உண்மையான அஞ்சல் கணக்கையே திருடன் கைப்பற்றிவிட்டாலும் அப்படித்தான். கூகுளும் பேஸ்புக்குமே 2013 முதல் 2015 வரை போலி விலைப்பட்டியல்களை நம்பி, இரண்டுமாகச் சேர்ந்து 10 கோடி டாலருக்கு மேல் அனுப்பி ஏமாந்தன. கணினி அறிவுக்கு அங்கே என்ன பஞ்சம்?

ஆகவே, அலுவலக நடைமுறையில்தான் காவல் இருக்க வேண்டும். யார் எதற்கு உத்தரவிடலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும். மாற்றலாகிப் போனவரின் அதிகாரம் அன்றைக்கே நீக்கப்படட்டும். திரும்பப் பெற முடியாத எந்தக் காரியத்துக்கும் இரண்டாவது ஒருவரின் ஒப்புதல் வேண்டும். உறுதி செய்யத் தொலைபேசியில் அழைக்கும்போது, அந்த மின்னஞ்சலில் கொடுத்திருக்கும் எண்ணை விட்டுவிட்டு, கோப்பில் ஏற்கெனவே உள்ள எண்ணையே அழைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கேள்வி கேட்கும் ஊழியருக்குப் பாதுகாப்பு. "அவசரம், உடனே அனுப்பு" என்று மேலதிகாரி பெயரில் அஞ்சல் வந்தால், "ஐயா, இது நீங்கள் அனுப்பியதுதானா?" என்று கேட்க நம் ஊரில் ஒரு கணக்கருக்கு எவ்வளவு தயக்கம்! கேட்டால் திட்டு விழும் என்ற அச்சம்தான் மோசடிக்காரனின் மூலதனம். அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு மேலே இருப்பவர்களுடையது.

சரிபார்ப்பதற்காகப் பணத்தை நிறுத்திவைத்த எந்த ஊழியர் மீதும் நடவடிக்கை கிடையாது என்று அரசுத் துறைகளும் வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் எழுத்துபூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அதில் துறைத் தலைவரே கையெழுத்திட வேண்டும்.